வேன் மாமா தூங்கவில்லை

மதியச் சாப்பாடு முடிந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டால் போதும், அந்த மழலையர் பள்ளியில் எப்பேர்ப்பட்ட வாலும் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடும். பெரிய டீச்சர் அதில் கெட்டிக்காரி. மூன்று வயதுப் பிள்ளையைத் தூங்க வைக்கப் பாட்டும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம், நாமே வாயைப் பிளந்து நல்லதாக ஒரு கொட்டாவி விட்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்பது அவள் கட்சி.

கணவர் இறந்தபின் முதல்முறையாகப் பள்ளிக்குத் திரும்பிய அன்றும் விட்டுப் பார்த்தாள். யாருக்கும் தொற்றவில்லை. குட்டி மெத்தைகளின் மேல் பிள்ளைகள் எல்லோரும் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். எப்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதால் மந்திரி என்று பேர் வாங்கிய பையன், விரலால் இரண்டு இமைகளையும் மேலே தூக்கிப் பிடித்திருந்தான். பஞ்சு என்கிற குண்டுப் பெண்ணுக்குத் தலை ஆடியது. பக்கத்தில் இருந்தவள் சட்டென்று அவள் தொடையைக் கிள்ளினாள். கிள்ளியவளுக்குப் பள்ளியில் கேள்விக்குறி என்று பேர். பஞ்சு ஊரைக் கூட்டினாள்.

"ஏம்மா அவளைக் கிள்ளுறே?"

"தூங்கப் பார்த்தா டீச்சர்."

"தூங்கத்தானே படுக்கச் சொன்னேன்."

"தூங்கினா வேன் மாமா மாதிரி ஆயிடுவா. அப்புறம் யார் எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டா."

வேன் மாமா என்பது பெரிய டீச்சரின் கணவர். பள்ளி வேனை ஓட்டியவர், ஒழுகும் குழாயை அடைத்தவர், ஆடும் நாற்காலிக்குக் கால் போட்டவர். இறங்கும்போது ஆளுக்கொரு தடவை ஹாரன் அடிக்க விடுவார் என்பதால் பிள்ளைகளிடையே அவருக்கு இருந்த செல்வாக்கு, எழுத்துச் சொல்லித்தந்த யாருக்கும் இருந்ததில்லை.

கேள்விக்குறியின் பதிலைக் கேட்டதும் சின்ன டீச்சர் டம்ளர்களை வாரிக்கொண்டு சமையலறைப் பக்கம் நழுவினாள். அவள் இறந்தவரின் தங்கை. பெரிய டீச்சருக்கு நாத்தனார். இந்தப் பள்ளியை இருவரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். பெரிய டீச்சர் பின்னாலேயே போனாள்.

"என்ன சொல்லி வச்சிருக்கே பிள்ளைங்ககிட்ட?"

"என்னத்தைச் சொல்றது அண்ணி. நீங்க வர்ற வரைக்கும் நான் ஒருத்திதான். மாமா எங்கே, மாமா எங்கேன்னு காலைச் சுத்திக்கிட்டு நிக்குதுங்க. மாமா நல்லா தூங்குறார், எழுப்பக் கூடாதுன்னு சொன்னேன்."

"சொல்லிட்டு மத்தியானம் நீயே திரையை இழுத்துவிட்டு, தூங்குங்கடா கண்ணுங்களான்னு சொன்னே."

நாத்தனார் குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த டம்ளரைத் தேய்த்தாள். "அது அப்ப தோணலை."

"நாளைக்குக் காலையில உட்கார வச்சு உள்ளதைச் சொல்லிடப் போறேன்."

"வேணாம் அண்ணி. மூணு வயசு. சிவப்பு எது பச்சை எதுன்னு சொல்லித்தர வேண்டிய வயசுல சாவைச் சொல்லித்தருவாங்களா?" பிறகு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் ஒண்ணும் புளுகலை. நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். தூக்கத்துலயே போயிட்டார்னு நீங்கதானே சொன்னீங்க."

பெரிய டீச்சர் ஈரத் துணியை எடுத்து மேடையைத் துடைத்தாள்.

அவர் தூக்கத்தில் போகவில்லை. விடிந்து, எழுந்து, பல் தேய்த்து, கட்டிலில் உட்கார்ந்து சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. முடிவதற்குள் பட்டதையும் அவள் பக்கத்தில் இருந்து பார்த்தாள். அன்றைக்கு நாத்தனார் ஒரு தோழி வீட்டு விசேஷத்துக்காக வெளியூர் போயிருந்தாள். தனியாக பஸ் ஏறி வர வேண்டியவள். அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவள். போனில் அந்தக் குரலைக் கேட்டதும் பெரிய டீச்சரின் வாயில் அந்த வார்த்தை தானாக வந்தது. தூக்கத்துலயே, கஷ்டமே படாம. வந்து போனவர்கள் எல்லாம் கொடுத்து வைத்த மனுஷன் என்று அதற்கு மேல் பூச்சும் பூசிவிட்டார்கள். பிறகு அதைப் பெயர்த்தெடுக்க நேரம் வாய்க்கவில்லை.

நாளைக்குப் பிள்ளைகளிடம் உள்ளதைச் சொன்னால், அதே அறையில் நாத்தனாரும் இருப்பாள். பெரிய டீச்சருக்கு அது தெரியாமல் இல்லை.

சாயங்காலம் கேட்டில் பெற்றவர்களிடம் விஷயத்தைச் சொன்னாள். பிள்ளைகள் வீட்டிலும் தூங்குவதில்லை என்று ஏற்கெனவே புகார் வந்திருந்தது. மந்திரியின் அப்பாவான மருந்துக்கடைக்காரர் கண்ணெல்லாம் சிவந்து நின்றார்.

"அதான் விஷயமா. நான் அவன்கிட்ட மாமா வெளியூர் போயிருக்கார்னு சொல்லிட்டேனே டீச்சர்."

"நான் நட்சத்திரமாயிட்டார்னு சொன்னேன்" என்றாள் பஞ்சுவின் அம்மா, குற்றம் செய்தவள் மாதிரி.

"நல்லா இருக்கு" என்றாள் பெரிய டீச்சர். "மனுஷன் தூங்கிக்கிட்டே வெளியூர் போய் அங்கேருந்து வானத்துல ஏறி ஒட்டிக்கிட்டிருக்கார். உயிரோட இருந்தப்பகூட அவருக்கு இவ்வளவு வேலை இருந்ததில்லை."

மருந்துக்கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததும், சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் சிரித்தபின்தான் அவருக்கு மூச்சு வந்தது.

வங்கியில் மேலாளராக இருந்த ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "டீச்சர், உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா நாங்க இங்க சேர்த்தது எழுத்தும் எண்ணும் கத்துக்கட்டும்னுதான். மத்த பள்ளியில இந்நேரம் நூறு வரைக்கும் எண்ணுதுங்க. இங்க என்னடான்னா பட்டன் போடுறது, மூக்குச் சிந்துறது. இப்ப சாவு வேற."

"நூறு எங்கேயும் ஓடிப்போகாதும்மா. அது பாட்டுக்கு இருக்கும், ஆறு வயசுல பிடிச்சுக்கலாம். மூணு வயசுல ஒரு பிள்ளை முக்கியமா கத்துக்க வேண்டியது, பெரியவங்க சொல்றதை நம்பலாம்ங்கிறதைத்தான். அதை இப்ப விட்டா அப்புறம் எந்த வகுப்புலயும் பிடிக்க முடியாது."

"நாளைக்கு நீங்க இதைச் சொல்றதா இருந்தா என் பொண்ணு வர மாட்டா."

"அது உங்க இஷ்டம். நாளைக்கழிச்சு அனுப்புங்க. கதவு திறந்துதான் இருக்கும்."

நாத்தனார் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். பெரியவங்க சொல்றதை நம்பலாம் என்ற இடத்தில் அண்ணியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பெரிய டீச்சருக்குக் காது மடல் சுட்டது.

மறுநாள் காலை மேலாளர் வீட்டுப் பெண் வரவில்லை. அவள் பை மாட்டும் கொக்கி காலியாக இருந்தது. மற்றவர்களை வட்டமாக உட்கார வைத்து, பெரிய டீச்சரும் தரையில் உட்கார்ந்தாள். நாத்தனார் அலமாரிப் பக்கம் நின்று மெழுகுக் குச்சிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் பிரிக்கச் சொல்லவில்லை.

"வேன் மாமாவைப் பத்திச் சொல்லப் போறேன். அவர் தூங்கலை. வெளியூர் போகலை. நட்சத்திரமும் ஆகலை. அவர் செத்துட்டார்."

அலமாரிப் பக்கம் சத்தம் நின்றது.

"செத்துட்டார்னா?" என்றான் மந்திரி.

"உடம்பு வேலை செய்யறது நின்னு போச்சு. மூச்சு விட மாட்டார், சாப்பிட மாட்டார், வேன் ஓட்ட மாட்டார். மறுபடி எழுந்து வரவே மாட்டார்."

"பசிக்காதா?"

"பசிக்காது."

"ஒண்ணுக்கு வராதா?"

"வராது."

மந்திரிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. "ஒண்ணுக்கே வராதாம்" என்று அக்கம்பக்கத்தில் பரப்பினான்.

"நம்ம வேன் ஒருநாள் வழியில நின்னு போச்சுல்ல," என்று ஆரம்பித்தாள் பெரிய டீச்சர், "அந்த மாதிரி..."

"அதை மெக்கானிக் வந்து சரி பண்ணினாரே" என்றாள் கேள்விக்குறி.

"ஆமா. நான் சொன்னது தப்பு. மனுஷன் வேன் மாதிரி இல்லை. டாக்டரைக் கூப்பிட்டோம். சில நேரம் டாக்டராலயும் சரி பண்ண முடியாது."

பஞ்சு விரலை வாயிலிருந்து எடுத்தாள். "நான் தூங்கினா செத்துடுவேனா?"

"மாட்டே. தூங்கும்போது உடம்பு உள்ளுக்குள்ள வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும். மூச்சு வரும், போகும். உன் வயித்துல கை வச்சுப் பாரு, ஏறி இறங்குதா?"

பஞ்சு வைத்துப் பார்த்தாள். அடுத்த நொடி எல்லோரும் எல்லோருடைய வயிற்றிலும் கை வைத்தார்கள். கூச்சம் தாங்காமல் ஒருவன் புரண்டான். வட்டம் கலைந்து, நெளிந்து, சிரிப்பும் கூச்சலுமாகி, மெதுவாக மறுபடி சேர்ந்தது. கேள்விக்குறி மட்டும் அசையவில்லை. அவள் கணக்கு இன்னும் தீரவில்லை.

"மாமா தூங்குறார்னு சின்ன டீச்சர் சொன்னாங்க. அப்ப தூங்கும்போதுதானே செத்தார்?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் நாத்தனார் பிழைத்துக்கொள்வாள். ஆனால் இன்று மதியமும் பஞ்சுவின் தொடை கன்றும். பெரிய டீச்சர் அலமாரியைப் பார்த்தாள். நாத்தனார் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த முதுகைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"இல்லை. அவர் முழிச்சுக்கிட்டிருந்தார். சட்டை போட்டுக்கிட்டிருந்தார்."

"வலிச்சுதா?"

"வலிச்சுது. நெஞ்சு ரொம்ப வலிச்சுது."

"அழுதாரா?"

"அழலை. என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார்."

"நீங்க?"

"நான் அழுதேன். இப்பவும் சில நேரம் அழுவேன். அழுதா பயப்படாதீங்க, கொஞ்ச நேரத்துல நிறுத்திடுவேன்."

"என் கைக்குட்டையைத் தரேன்" என்றான் மந்திரி. எடுத்தும் நீட்டினான். அது இருந்த நிலையைப் பார்த்து, அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று அவள் நன்றி சொன்னாள்.

நாத்தனார் குச்சிகளை அப்படியே தட்டில் வைத்துவிட்டு வெளியே போனாள். சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். யாரோடும் பேசாமல் பரிமாறினாள், வாய் துடைத்துவிட்டாள், மெத்தைகளைப் போட்டாள். எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருந்தது. அண்ணியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

திரை இழுத்ததும் பிள்ளைகள் உடனே தூங்கிவிடவில்லை. முதலில் வயிற்றுச் சோதனை நடந்தது. பஞ்சுவின் வயிறு ஏறி இறங்குகிறது என்று கேள்விக்குறி அறையின் அந்தக் கோடி வரை அறிவித்தாள். பஞ்சு தூங்கியே போனாள். யாரும் கிள்ளவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மந்திரி தன் வயிற்றின் மேல் தானே கை வைத்துக்கொண்டு, கண்காணித்தபடியே கண்ணை மூடினான். கேள்விக்குறி கடைசி வரை விழித்திருந்து, மற்றவர்கள் எல்லோரும் ஏறி இறங்குவதைப் பார்த்து முடித்துவிட்டுக் குப்புறப் படுத்தாள்.

பெரிய டீச்சர் முற்றத்துக் கதவைத் திறந்துவைத்தாள். அங்கிருந்து பார்த்தால் மெத்தைகள் தெரியும். வேனின் படியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். பெரிய டீச்சர் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"தூங்கிட்டாங்க."

"பார்த்தேன்."

முற்றத்துச் சிமெண்ட் தரையில் வெயில் காய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் அண்ணி என்கிட்ட மாத்திச் சொன்னீங்க?"

"நீ தனியா பஸ்ல வரணும். தாங்கிக்க மாட்டியோன்னு நினைச்சேன்."

"வந்து சேர்ந்த பிறகு?"

"அப்பவும் அதையேதான் நினைச்சேன்."

"நான் என்ன மூணு வயசா?"

"மூணு வயசா இருந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

நாத்தனார் வெடுக்கென்று திரும்பினாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அந்த வாண்டு கேட்டுத்தான் எனக்குத் தெரியணுமா? அண்ணி, அவர் என் அண்ணன். கூடப் பிறந்தவ நான். நிம்மதியாப் போனார், நிம்மதியாப் போனார்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் நானே சொல்லிக்கிட்டு நின்னேன்."

"தப்புதான். உன்னைக் காப்பாத்துறதா நினைச்சு, உள்ளதை நான் ஒருத்தியே வச்சுக்கிட்டேன். அதுல உனக்கும் பங்கு உண்டு."

நாத்தனார் படியில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். பெரிய டீச்சர் உட்கார்ந்தாள். ஒருவருக்கே போதாத படி. இருவரும் தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது.

"பிள்ளைங்ககிட்ட பாதிதான் சொன்னீங்க, இல்ல?"

"அவங்க கேட்ட வரைக்கும் சொன்னேன்."

"நான் எல்லாத்தையும் கேட்பேன்."

"கேளு."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

நல்லதாக ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கேட்கிறவளின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சொல்லத்தான் தோன்றும். பெரிய டீச்சர் அதை விழுங்கினாள்.

"இல்லைம்மா. பேசவே முடியலை அவரால. தண்ணி கேட்டார். அது ஒண்ணுதான் கேட்டார்."

நாத்தனார் தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. நல்ல பதில் கிடைத்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள் என்று அவள் தலை ஆட்டிய விதத்திலேயே தெரிந்தது.

"குடிச்சாரா?"

"ஒரு வாய் குடிச்சார்."

"சரி," என்றாள் நாத்தனார். "முதல்லேருந்து சொல்லுங்க. எத்தனை மணிக்கு எழுந்தார்?"