காயவே மாட்டேன் என்ற வயல்

தனக்கு ஊருக்குள் ஓர் எதிரி இருக்கிறான் என்பதை ஜெஸ்லா கைபேசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

உக்குவளையில் வாப்பா எழுதிக் கொடுத்த ஒரு ஏக்கர் வயல் அவளுடையது. கணவன் றிகாஸ் தோஹாவில் லொறி ஓட்டுகிறான். சிறுபோக நெல் வேளாண்மை முழுக்க அவள் பொறுப்பு. வயல் நடுவே துளை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்று புதைந்திருந்தது. அதற்குள் இருக்கும் கருவி, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதென்று அளந்து அவளுடைய கைபேசிக்கு அனுப்பும். நட்ட நாளிலிருந்து வயலில் தண்ணீர் நிற்க வேண்டுமென்பது ஊர்ப் பழக்கம். நின்ற தண்ணீருக்கடியில் சேறு அழுகி, உலகத்தைச் சூடாக்குகிற வாயு கிளம்புகிறதாம். அதனால் இடையிடையே காயவிட வேண்டும். மண்ணுக்குக் கீழே பதினைந்து சென்ரிமீற்றர் இறங்கியதும், ‘தண்ணீர் கட்டவும்’ என்று கைபேசி கூவும். பயிருக்கு ஒரு குறையும் வராது.

கூவினால்தானே! இரண்டு தடவை காயவிட்டாள். இரண்டு தடவையும் தண்ணீர் இறங்குவதுபோல் பாசாங்கு காட்டி மறுபடி ஏறிவிட்டது. கருவியைக் கொடுத்த திட்டத்தின் அதிகாரி சிவநந்தினி தொலைபேசியில் அழைத்தாள்.

“அக்கா, இன்னும் பன்னிரண்டு நாள்தான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள்ள ஒரு தடவையாவது காயலைன்னா, கருவியைக் கழட்டி இரத்தோட்டைப் பக்கம் வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க.”

ஜெஸ்லாவுக்கு அழுகை முட்டியது. “இதெல்லாம் உனக்குச் சரிவருமா?” என்று சிரித்த றிகாஸிடம், “செஞ்சு காட்டுறேன் பாருங்க” என்று சவால் விட்டிருந்தாள். தோற்றுப்போய்க் குழாயைப் பிடுங்கிக் கொடுப்பதா?

கைபேசியில் தண்ணீர்க் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தினமும் காலை ஆறு மணியை ஒட்டி ஓர் ஏற்றம். யாரோ வேண்டுமென்றே வரம்பை வெட்டுகிறார்கள்! அன்றிலிருந்து மூன்று நாள், சுபஹுத் தொழுததும் அந்த முகம் தெரியாத எதிரிக்கு மனமார பதுவா கேட்டாள். அந்தக் கை மண்வெட்டி தூக்க முடியாமல் போகட்டும், யா அல்லாஹ்!

நான்காம் நாள் விடிந்ததும் வரம்போரத்து வாழைப் புதருக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

மேல் வயல்காரர் பதுர்தீன் நானா பள்ளிவாசலிலிருந்து தொப்பியோடு வந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி வரம்பில் ஒரு சாண் வெட்டினார். நானாவா! ஜெஸ்லா வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் அந்தப் பக்கம் ஆள் வரும் சத்தம். நானா பதறிப்போய் வெட்டிய இடத்தை மூடிவிட்டு, ஒரே பாய்ச்சலில் அதே வாழைப் புதருக்குள் நுழைந்து, அவளோடு முகத்துக்கு முகம் முட்டிக்கொண்டார்.

“என்ன நானா இது?”

“நண்டு வளை பாக்க வந்தேன், மகள்.”

வந்தவர் பக்கத்து வயல் பொன்னையா. அவரும் வரம்பை வெட்டினார். அவரும் காலடிச் சத்தம் கேட்டு மூடிவிட்டுப் புதருக்குள் பாய்ந்தார். “நண்டு வளை...” என்று தொடங்கியவர், உள்ளே இரண்டு பேரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மூவரும் இலையை விலக்கிப் பார்த்தால், அடுத்த வீட்டு நூருன்னிஸா மாமி! வாய்க்காலில் வாளி வாளியாக மொண்டு ஜெஸ்லாவின் வயலுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“மாமி, நீங்களும் நண்டா?” என்று ஜெஸ்லா கத்தியதில் வாளி உருண்டது.

மெல்ல மெல்ல உண்மை வந்தது. றிகாஸ் ஊரில் இல்லை. அதனால் அவளுக்குத் தண்ணீர் முறை கிடைப்பதில்லை. மானத்துக்குப் பயந்து ‘போன் வேணாங்குது’ என்று சமாளிக்கிறாள். இப்படி மூவரும் தனித்தனியே முடிவு கட்டியிருந்தார்கள். தர்மத்தை வெளியே சொன்னால் நன்மை போய்விடும், அவளுக்கும் வெட்கமாகிவிடும் என்று ஒருவர் மற்றவருக்கு மூச்சுவிடவில்லை.

“அல்லாஹ்வே! நான் உங்களுக்கு மூணு நாளா பதுவா கேட்டேனே!”

“அதானா என் தோள்பட்டை இந்த வலி வலிக்குது!” என்றார் மாமி. நால்வரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இன்னும் ஒன்பது நாள். இந்த முறை தண்ணீர் உண்மையாகவே இறங்கியது. கட்டாந்தரையாகும் வயலைக் காணச் சகிக்காமல் நானா ரயில் பாதையைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு நால்வரும் குழாயருகே நின்றார்கள். பதினான்கு. பதினான்கரை. பத்துக்கு ஏழு நிமிடம் இருக்கையில் கைபேசி கூவியது: ‘தண்ணீர் கட்டவும்!’

உடனே சிவநந்தினியின் அழைப்பு. “வந்துருச்சு அக்கா! குழாய் இனி உங்களுக்குத்தான்!”

ஜெஸ்லா வரம்பில் துள்ளிக் குதித்தாள். “வெட்டுங்க நானா! ஊத்துங்க மாமி!”

ஒருவரும் அசையவில்லை.

“ஏன் நிக்கிறீங்க?”

பதுர்தீன் நானா மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கீங்களே, மகள்.”

இவர்களைப் போய் எதிரி என்று நினைத்தாளே! ஜெஸ்லா சட்டென்று வயலுக்கு முதுகைக் காட்டிக் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“நான் பாக்கல்ல.”

“பொன்னையாவும் மூடணும்” என்றார் மாமி.

“மூடிட்டேன் அக்கா, நீங்களும் மூடுங்க.”

பின்னால் தண்ணீர் சலசலவென்று இறங்கியது. யார் முதலில் விட்டதென்று ஜெஸ்லா திரும்பிப் பார்க்கவேயில்லை.