உன் இஷ்டம்

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவரைத் தெருவே 'சந்தை சார்' என்றுதான் கூப்பிடும். அரசாங்கம் கை வைத்தது எதுவும் உருப்படாது என்பது அவர் கட்சி. எந்தச் சாம்ராஜ்யம் ஏன் கவிழ்ந்தது என்று கேட்டாலும், ராஜா காசில் வெள்ளியைக் குறைத்தான், தானியத்துக்கு விலை கட்டினான், சண்டைக்கு வரி போட்டான் என்று ஆரம்பித்துவிடுவார். யாரும் யாரையும் எதற்கும் வற்புறுத்தக் கூடாது, அவ்வளவுதான் அவர் வேதம்.

அதை வீட்டிலும் கடைப்பிடித்தார், வினையே அங்கேதான். மனைவி எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பார். அவள் வேலையை விட்டபோதும் அதுதான், மகள் கடல் கடந்து குடியேறியபோதும் அதுதான். பெண்டாட்டியை மதிக்கிறோம் என்று மனுஷர் மனதார நம்பினார். அவளுக்கோ சுவரோடு குடித்தனம் நடத்துவது போலிருந்தது.

இப்போது அவள் மகளோடு போய் இருந்துவிடப் போகிறாள். திரும்புகிற உத்தேசமில்லை. பெட்டி மாடிக் கூடத்தில் நின்றது, டாக்ஸி கீழே வாசலில் நின்றது.

"அப்ப நான் போகவா?"

போகாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய், பழக்கதோஷம், "உன் இஷ்டம்" என்றது.

அவள் செருப்பைத் தேடுவதற்குள் அவர் விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய்த் திரும்பினார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"என்னங்க, வண்டி போகுது?"

"ரெண்டு மடங்கு வாடகை கொடுத்தேன். அவனே சந்தோஷமாப் போயிட்டான். யாரையும் வற்புறுத்தல."

அவள் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"சந்தையில ஆயிரம் பேர் மனசுல இருக்கறத விலையே சொல்லிடும், யாரும் வாயத் திறக்க வேணாம்னு பத்திரிகைக்குப் பக்கம் பக்கமா எழுதுறீங்க. இந்த வீட்டுல எதுல விலை ஒட்டியிருக்கு? உங்க மனச நான் எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கறது? அவனுக்குக் கொடுத்த காசுக்கு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

கேட்பது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. 'இரு' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"முழங்கால் மாத்திரைய எடுத்துக்கிட்டியா?" என்றார்.

அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு போனை எடுத்தாள். காசு கொடுக்க ஆள் இருந்தால் வண்டி தானாக வரும், எந்த அதிகாரியும் உத்தரவு போட வேண்டாம் என்று அவரே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறார். அவள் போனில் சொல்லி வாய் மூடுவதற்குள் வேறொரு வண்டி வந்து நின்றது.

பெட்டியை அவர்தான் தூக்கி வைத்தார். அவள் கண்ணாடியை இறக்கி, "சமைச்சு மூடி வச்சிருக்கேன். பட்டினி கிடக்கக் கூடாது, ஆமா, சொல்லிட்டேன்" என்று அதட்டினாள்.

மாடியேறிப் போய், அவள் சொன்னபடியே உட்கார்ந்து சாப்பிட்டார். பருக்கை மீதி வைக்கவில்லை. நாளையிலிருந்து எல்லாம் அவர் இஷ்டம்.