நல்ல தண்ணீர்

காலையில் அந்தப் படகு மோட்டாரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்த இரண்டு படகுக்காரர்களும் அதை இறக்கி வைக்கவில்லை. குப்பைக்கூடையைக் கவிழ்ப்பதுபோல் பட்டறை வாசலில் கவிழ்த்துவிட்டார்கள்.

"சாயங்காலம் சங்கத் தலைவர் வருவார். அவர் கண்ணு முன்னாடிதான் பிரிக்கணும். அதுவரைக்கும் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதே" என்றான் ஒருவன்.

"ஏன், தொட்டா சுடுமா?" என்றான் துரு.

"அதை உன் மாப்பிள்ளையோட இடுப்புகிட்ட கேளு."

வண்டியைத் திருப்பிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். இத்தனைக்கும் இருவர் படகிலும் ஓடுவது துரு சரிசெய்து கொடுத்த மோட்டார்தான்.

துரு என்பது படகுக்காரர்கள் வைத்த பெயர். கடல் உப்பு தின்று தீர்த்த பழைய மோட்டார்களை வாங்குவான். பிரிப்பான், சுரண்டுவான், தேய்ப்பான், மறுபடி ஓட வைத்து விற்பான். இரும்பில் பிடித்த செந்துருவும் அலுமினியத்தில் பூத்த வெள்ளைப் பொடியும் அவன் நகக்கண்ணைவிட்டுப் போனதே இல்லை. "செத்த மோட்டாரை அவன்கிட்ட குடு, எழுந்து உட்கார்ந்து தன் பேரைச் சொல்லும்" என்பார்கள். அதெல்லாம் மாப்பிள்ளைக்கு அடிபடும்வரை. இப்போது அதே வாய்கள், "பிணத்துக்குப் பவுடர் போடறவன்" என்கின்றன. ஊர் வாய்க்கு மூடி செய்ய எந்தப் பட்டறையாலும் முடியாது.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் புருஷன். கல்யாணமான புதிதில், தங்கைக்கென்றே துரு பார்த்துப் பார்த்துச் சரிசெய்து கொடுத்த மோட்டார் அது. துறைமுக வாயில் பாறைகளுக்குப் பக்கத்தில், அலை தூக்கி எறிகிற இடத்தில், சூடேறி இறுகி அப்படியே நின்றுவிட்டது. படகுக்கும் பாறைக்கும் நடுவில் மாப்பிள்ளையின் இடுப்பு மாட்டிக்கொண்டது. உயிர் தப்பியது. இனி எழுந்து நிற்பது கஷ்டம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மோட்டார் ஏன் நின்றது? படகுக்காரர் சங்கத்துக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். துருவின் வேலையில் குறை என்று தெரிந்தால், அதற்கப்புறம் ஒரு மோட்டாரும் அவன் பட்டறைக்கு வராது.

அவன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. இந்த மோட்டாரை முதன்முதலில் பிரித்தபோது, சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வழியில் ஓரிடத்தைப் பருப்பளவுக்கு உப்பு அரித்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் தூக்கி எடைக்குப் போட்டிருப்பார்கள். துரு அதைச் சுரண்டி, சுட வைத்து, மெட்டல் பேஸ்ட் வைத்து அடைத்தான். தங்கைக்குக் கொடுக்கிற சாமானில் ஒட்டுப்போடுகிறோமே என்று அன்றைக்கே மனசு அடித்துக்கொண்டது. அந்த ஒட்டு பெயர்ந்து போய் வழியை அடைத்திருந்தால்? தண்ணீர் நின்றால் மோட்டார் வெந்துவிடும். அப்படியானால் மாப்பிள்ளையின் இடுப்பை ஒடித்தது பாறையல்ல, இவன் கை.

சாயங்காலம்வரை பொறுக்க அவனால் முடியவில்லை. மோட்டாரை உள்ளே இழுத்துப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு ஸ்பேனரை எடுத்தான்.

போல்ட்டுகள் வெண்ணெயாகக் கழன்றன. ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் தடவிப் போட்டவன் அவனல்லவா? சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கிக் குனிந்து பார்த்தான். ஒட்டு இருந்தது. நகத்தால் கீறினான். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். கல்லாக நின்றது. உலோகம்கூட அதைச் சுற்றி லேசாக அரிபட்டிருந்தது. அவன் வைத்த பேஸ்ட் இம்மியும் அசையவில்லை.

தண்ணீர் வழியை அடைத்திருந்தது வேறு. உப்பு. துளி இடம் விடாமல், ஈயம் காய்ச்சி ஊற்றியதுபோல் கெட்டியாக இறுகிய வெள்ளை உப்பு.

துரு சத்தம் போட்டுச் சிரித்தான். "நான் இல்லைடா! நான் இல்லை!" என்று சுவரில் தொங்கிய புரொப்பெல்லர்களைப் பார்த்துச் சொன்னான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று நெற்றியைத் துடைத்தபோதுதான் கை பாதியில் நின்றது.

கடலில் ஓடிவிட்டு வந்த மோட்டாரை அன்றன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அடியில் இரண்டு ரப்பர் கப்பை மாட்டி, குழாயைச் செருகி, கொஞ்ச நேரம் ஓடவிட்டால் உள்ளே தங்கிய உப்பெல்லாம் வெளியேறிவிடும். ஒருநாள் இருநாள் தவறினால் இப்படி ஆகாது. மாதக்கணக்கில் கழுவாமல் விட்டால்தான் இப்படி இறுகும். மாப்பிள்ளை வலையும் மீனுமாகக் கரையேறி, களைத்துப்போய்ச் சாய்ந்துவிடுவான். அந்த வீட்டில் மோட்டாரைக் கழுவுவது தங்கையின் வேலை.

"கதவைச் சாத்திட்டு என்னண்ணா பண்றே?"

பின்வாசல் வழியாக அவள் வந்திருந்தாள். அழுது வீங்கிய கண். சுத்தியலும் ஸ்பேனருமாக இதே பட்டறையில் வளர்ந்தவள். அவளுக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. திறந்து கிடந்ததைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"ஏன்மா கழுவலை?" என்றான் துரு. திட்டுகிற குரல் அவனுக்கு வரவில்லை.

"கழுவிட்டுத்தான் இருந்தேன்."

"எப்போவரைக்கும்?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஒருநாள் உடம்பு முடியலை, விட்டுட்டேன். ஒண்ணும் ஆகலை. மறுநாளும் விட்டேன். அப்பவும் ஒண்ணும் ஆகலை. அவர் கேப்பாரு, கழுவிட்டேன்னு சொல்லிடுவேன்." மூக்கை உறிஞ்சினாள். "வேற எவனாவது செஞ்ச மோட்டாரா இருந்தா பயந்துகிட்டு கழுவியிருப்பேன். எங்க அண்ணன் செஞ்சது, எதையும் தாங்கும்னு நினைச்சேன்."

இத்தனை வருஷத்தில் அவன் வேலையை இதைவிட உயர்வாக யாரும் பேசியதில்லை.

"மாப்பிள்ளைகிட்ட நான் பேசறேன். பதமா எடுத்துச் சொன்னா..."

"என்னத்தைச் சொல்லுவே? உன் பொண்டாட்டியாலதான் நீ படுத்த படுக்கையாயிட்டேன்னா? அண்ணா, இனிமே காலம் பூரா அவருக்கு அள்ளிப்போட்டு, தூக்கி உட்கார வைக்கப்போறவ நான். ஒவ்வொரு தடவை நான் தொடும்போதும் அவர் என்னை எப்படிப் பார்ப்பாரு? அவங்க அம்மா சும்மா இருப்பாங்களா?"

"அப்போ?"

அவள் நேராக அவன் கண்ணைப் பார்த்தாள். "அந்த ஒட்டு இருக்குல்ல? நீ வைக்கும்போது நான் பக்கத்துலதானே நின்னேன். அது பெயர்ந்துடுச்சுன்னு சொல்லிடு."

துரு அவளையே பார்த்தான். அவள் கேட்காமலே இதைச் செய்யலாம் என்று ஒரு விநாடிக்கு முன் அவனுக்கும் தோன்றியது. தானாகக் கொடுக்க நினைத்ததை அவள் கை நீட்டிக் கேட்டதும், கொடுக்கும் ஆசையே கசந்துபோனது.

"பட்டறை போயிடும்மா."

"உனக்குக் கை இருக்கு, கால் இருக்கு. எங்க போனாலும் பிழைச்சுப்பே. எனக்கு?"

துரு உளியை எடுத்தான்.

ஒட்டு லேசில் வரவில்லை. அவன் கெட்டிக்காரத்தனம் அவனையே எதிர்த்து நின்றது. பர்னரால் சூடேற்றி, உளி வைத்துத் தட்டி, கை வலிக்க மறுபடி தட்டி, கடைசியில் ஒரு சின்னக் கட்டி பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. அதற்குள் அவள் கெட்டிலில் சுடுதண்ணீர் போட்டு வந்து உப்பின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள். மெல்லிய கம்பியால் சந்து சந்தாகக் குத்திவிட்டு, குழாயைத் திறந்துவிட்டாள். வெள்ளைத் தண்ணீர் தரையில் ஓடியது. மூலை முடுக்கு எதையும் விடவில்லை. பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த மோட்டாரை அவள் ஒழுங்காகக் கழுவினாள்.

"உளித் தடம் தெரியுது" என்று சொல்லி உப்புத்தாளை நீட்டினாள். அவன் தேய்த்தான். கட்டியைத் தண்ணீர் வழியின் குறுகலான இடத்தில் செருகினான். ஹெட்டை வைத்தான். அவள் போல்ட்டுகளை வரிசை மாறாமல் எடுத்துக் கொடுத்தாள். சின்ன வயதில் செய்ததுபோலவே, ஒரு வார்த்தை பேசாமல், ஒருவர் கை போகுமிடம் மற்றவருக்குத் தெரிந்து வேலை நடந்தது. முடிந்ததும் அவள் வந்த வழியே போய்விட்டாள்.

வெயில் சாய்ந்ததும் சங்கத் தலைவர் நாலு பேரோடு வந்தார். தங்கை முன்வாசல் வழியாக, அப்போதுதான் வருகிறவளாக வந்து ஓரமாக நின்றாள். துரு எல்லோர் முன்னாலும் ஹெட்டைக் கழற்றினான். தலைவர் டார்ச் அடித்துப் பார்த்து, இரண்டு விரலால் கட்டியை எடுத்தார்.

"என்னய்யா இது?"

"ஒட்டு. நான் வச்சது."

"ஓட்டை விழுந்த மோட்டாருக்கு ஒட்டுப்போட்டு, கூடப் பிறந்தவளுக்குக் குடுத்திருக்கே?"

"ஆமா."

"கடன்காரனுக்குக்கூட எவனும் இப்படிச் செய்யமாட்டானேய்யா!"

கூட வந்தவர்களில் ஒருவன், "அக்கா, உங்க அண்ணன்கிட்ட ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேட்டுடுங்க" என்றான்.

பேசாமல் இருப்பாள் என்றுதான் துரு நினைத்தான். அதுவே போதும் என்றும் நினைத்தான். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். பிறகு எடுத்துவிட்டுக் கத்தினாள்.

"என்னத்தைக் கேக்கறது? என் புருஷனை முடமாக்கிட்டு, மரமாட்டம் நிக்கறான் பாருங்க! இனிமே என் வாசப்படி மிதிச்சான்னா நடக்கறதே வேற!"

அந்த அழுகையில் நடிப்பு இல்லை. துருவுக்கு அதுதான் தாங்கவில்லை. காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் அவள் அதை நம்பவே ஆரம்பித்துவிட்டாள்.

தலைவர் கட்டியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். "மாப்பிள்ளைகிட்டயும் காட்டணும்" என்றார். வாசலில் நின்று, உள்ளே திரும்பாமலே சொன்னார். "நம்ம ஆளுங்க மோட்டார் ஏதாவது உள்ளே கிடந்தா நாளைக்கே எடுத்துக்கச் சொல்லிடுங்கப்பா."

நாளைவரை எவனும் காத்திருக்கவில்லை. இருட்டுவதற்குள் தள்ளுவண்டிகள் வந்தன. கடைசியாக வந்தவன் மொட்டை என்கிற படகுக்காரன். அவனுடைய மோட்டார் பாதி பிரித்துக் கிடந்தது. கார்புரேட்டர் ஒரு தட்டில், போல்ட்டுகள் டப்பாவில். எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒரேநாள் இருந்தா முடிச்சுக் குடுத்திருப்பேன்" என்றான் துரு.

"முடிச்சிருப்பே, முடிச்சிருப்பே. எனக்கும் இடுப்பு ஒண்ணுதான் இருக்கு."

சாக்கைத் தூக்கி வண்டியில் வைத்தான். கயிறு போட்டு இறுக்கினான். துரு சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"மொட்டை, யாருகிட்டக் குடுத்துச் சேர்த்தாலும் சரி. கடலுக்குப் போயிட்டு வந்ததும் ஒருநாள்கூட விடாம நல்ல தண்ணியில கழுவிடு. அதுதான் முக்கியம்."

மொட்டை நின்று அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"யாரு, நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றான். காறித் துப்பிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.