மாடத்தில் ஒரு துண்டு ரொட்டி

முற்றத்து அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைப் பிட்டு, துணியில் முடிந்து, அடலீனாவின் கையில் திணித்தாள் லூசிட்டா அத்தை. அடலீனாவின் அப்பா சிப்ரியானோ இறந்து அன்று நான்காம் நாள்.

"இன்னிக்குத்தான் உங்கப்பன் ஆவி முன்னோர்கிட்ட கிளம்புது. மேல குன்று வீட்டுல வெச்சுட்டு வா. பசியோட அனுப்பக் கூடாது."

"நீங்க போங்க அத்தை."

"என் முட்டி ஏணி ஏறுமா? சம்பளத்துக்குன்னா தினம் ஏறுறே. அப்பனுக்குன்னா கால் வலிக்குதோ?"

சுருக்கென்றது. அத்தைக்கு நடந்தது தெரியாது.

அவர்கள் அமெரிக்காவின் பியூப்லோ பழங்குடியினர். அவர்களின் முன்னோர் குன்றின் குடைவுக்குள் கட்டிய அந்த வீடுகள் இப்போது அரசுப் பூங்கா. பார்வையாளர்களை ஏற்றி இறக்குவது அடலீனாவின் வேலை. அவள் சேர்ந்த இரண்டாம் மாதம், அப்பாவும் கூட்டத்தோடு ஏறி வந்தார். மூன்றாவது அறையின் மாடத்தில் முன்னோருக்கென்று ரொட்டித் துண்டை வைத்தார். வீட்டில் சாப்பிடும் முன் எல்லோரும் எடுத்து வைப்பதுதான். ஆனால் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, உள்ள சாப்பாடு வைக்கக் கூடாது. எடுத்துருங்க" என்றாள். அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை.

"சரிங்கம்மா" என்று ரொட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதன்பின் மூன்று வருடம் அவர் குன்றுப் பக்கம் போகவில்லை. போன மாதம் படுக்கையில் கிடந்தபடி, "ஒரு தடவை மேல கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார். கூட்டம் குறையட்டும் என்றாள். அதற்குள் அவர் போய்விட்டார்.

அடலீனா சீருடை இல்லாமல், இருபது பார்வையாளர்களுக்குப் பின்னால், வரிசையில் கடைசி ஆளாக ஏணி ஏறினாள். அன்று கூட்டத்தை அழைத்துப் போனவன் வெண்டல். வெளியூர்க்காரன், வேலைக்குப் புதிது. விதிகளை ஒன்றுவிடாமல் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

மூன்றாவது அறையில் முடிச்சை அவிழ்த்தாள். வெண்டல் பார்த்துவிட்டான். அவன் சொல்லப்போவதை அவள் அறிவாள். ரொட்டியைக் கையில் வைத்தபடி காத்து நின்றாள்.

வெண்டல் தொண்டையைச் செருமினான்.

"எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க. கூரையில புகைக்கரி படிஞ்சிருக்கு பாருங்க."

இருபது தலைகளும் அவன் காட்டிய பக்கம் திரும்பின. அவனும் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அவ்வளவுதான்.

அடலீனா அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ரொட்டியை மாடத்தில் வைத்தாள்.