தழையை மொட்டையடித்த வாரம்

வெள்ளைக் கேரட் மாதிரி இருக்கும் பார்ஸ்னிப் கிழங்கைத் தோண்டும் முன் தழையை வெட்டாதே என்று என் கணவன் ஆல்டன் சொன்னான். நான் கேட்கவில்லை. உறைபனி விழுந்து தழையெல்லாம் சாய்ந்து கிடந்தது. அதை விலக்கி விலக்கித் தோண்டினால் இடுப்பு போய்விடும். அவனுக்கென்ன, டிராக்டரில் உட்கார்ந்திருப்பான். வியாழனன்றே புல்வெட்டும் மிஷினை ஓட்டி மொட்டையடித்துவிட்டேன். இந்த வருஷம் பாத்தியை ஓடைவரை நீட்டியதும் என் யோசனைதான்.

சனிக்கிழமை, தோண்டியதைக் கழுவும்போது ஒடிந்த கிழங்கு ஒன்றைக் கத்தியால் பிளந்தேன். உள்ளே ஏணிப்படி மாதிரி காலி அறைகள். மஞ்சளாக எண்ணெய் கசிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஓடையோரம் தானாக முளைக்கும் விஷக்கிழங்கு அது. ஒரு துண்டு தின்றால் மாடே விழும். தழை இருந்திருந்தால் பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

அதன் பக்கவாட்டில் இன்னொரு கிழங்கு ஒடிந்துபோன தழும்பு புதிதாக இருந்தது. அந்த ஜோடியைக் காணோம். இருந்த கூடைகளையெல்லாம் கொட்டி ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தோம். எல்லாம் நல்ல கிழங்கு. கோணல்மாணலானவற்றைச் சாலையோரம் இலவசப் பெட்டியில் வைப்போம். அன்று காலையும் வைத்திருந்தோம். ஓடிப்போய்ப் பார்த்தேன், பெட்டி காலி.

பத்து மணிக்குப் பெட்டி பக்கம் கார்லிஸின் வண்டி நின்றதை ஆல்டன் பார்த்திருக்கிறான். கார்லிஸ் மலைக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கும் கிழவர். நான் அழுகல் விற்கிறேன் என்று ஊர்க் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னவர். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. ஆனால் பெட்டியை மட்டும் வெட்கமில்லாமல் காலி செய்வார். எடுத்ததெல்லாம் மத்தியானச் சூப்புக்குப் போகும். அவருக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று ஆல்டனிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். சர்ச் பக்கமே போகாத நான் வழியெல்லாம் கும்பிட்டேன்.

சமையலறை நாற்காலியில் தலை தொங்கிக் கிடந்தார் கார்லிஸ். எதிரே காலிக் கிண்ணம். தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்தார்.

"என்ன ரோவெனா, ஓசிப் பெட்டிக்கு வாடகை கேக்க வந்தியா?"

"சூப்பு எப்போ குடிச்சீங்க?"

அரை மணி ஆயிற்றாம். மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். சூப்புப் பாத்திரத்தைத் தொட்டியில் கவிழ்த்துத் துண்டு துண்டாகப் புரட்டினேன். வெந்து குழைந்ததில் எது எதுவென்று யாருக்குத் தெரியும்? அவர் இமை துடித்தபோதெல்லாம் வலிப்பு தொடங்கிவிட்டது என்று பயந்தேன்.

கடைசியில் தோல் போடும் வாளியைக் கொட்டினேன். வெங்காயத்தோலுக்கு அடியில் இரண்டாகப் பிளந்த கிழங்கு. உள்ளே அதே அறைகள். என் சட்டைப்பையில் கொண்டுவந்த விஷக்கிழங்கின் தழும்போடு சேர்த்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. ஏன் எறிந்தீர்கள் என்று கேட்டேன்.

"வெட்டினா உள்ள பொந்தா இருந்துச்சு. நீ அழுகலைத்தானே ஓசியில தள்ளுவேன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

"கத்தியைக் கழுவினீங்களா?"

அவர் குனிந்து தன் தொடையைப் பார்த்தார். "பேண்ட்ல தொடச்சேன்."

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையை நான் விடவில்லை. ஆஸ்பத்திரியில் மாலைவரை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். நான்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பாதி வழியில் என் பக்கம் திரும்பினார்.

"உன்னைப் பத்தி நல்லவிதமா நெனச்சிருந்தா இன்னிக்கு நான் போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றார்.

அந்த அழுகல் பேச்சுக்குத்தான் இரண்டு வருஷம் முகம் திருப்பிக்கொண்டிருந்தேன். வண்டியை ஓரங்கட்டினேன்.

"அப்படியே நெனச்சிட்டிருங்க" என்றேன்.