புது வயோலா

இலையுதிர் காலக் கச்சேரிகள் தொடங்க இன்னும் சில வாரங்களே இருந்தன. அவற்றுக்கான முதல் ஒத்திகைக்கு, எப்போதும் போல எல்லோருக்கும் முன்னால் வந்து கதவைத் திறந்தவள் பாப்பாதான்.

பாப்பா என்றால் சின்னப் பெண் இல்லை. ஐம்பதைத் தாண்டியவள். அண்ணன் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, குழுவில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அண்ணன்தான் நால்வர் குழுவின் தலைவர், முதல் வயலின். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற உயரமான மனிதர் இரண்டாம் வயலின். முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கிற செல்லோவுக்கு அதிகம் பேசாத ஒருவர். பாப்பா வயோலா. வயலினைவிடச் சற்றுப் பெரிய, குரல் கனத்த அந்த வாத்தியத்தை அவள் கல்யாணத்துக்குப் பிறகும், மகள் பிறந்த பிறகும், மகள் படிக்க வெளியூர் போன பிறகும் விடவில்லை. கணவர் பியானோ. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஊரின் பழைய அரங்கில் வாரம் ஒரு மாலை கச்சேரி நடக்கும். முதல் மாலை எப்போதும் இந்த ஐவருடையது. ரசிகர்கள் அதைக் குடும்பக் கச்சேரி என்று கேலி செய்வார்கள். கேலி செய்துகொண்டே முதல் வரிசைக்கு அடித்துப் பிடித்து வருவார்கள்.

ஒத்திகை அறை ஒரு மரச்சாமான் கடையின் மேல்மாடி. விற்காத நாற்காலிகள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கும். பாப்பா அதில் ஆடாத நாலு நாற்காலிகளைப் பொறுக்கி அரைவட்டமாகப் போட்டாள். நோட்டு வைக்கும் தாங்கிகளை விரித்து நிறுத்தினாள். கெட்டிலில் தண்ணீரைச் சுட வைத்தபோது கதவு தட்டப்பட்டது.

வெளியே முப்பது வயதுக்குள் ஒரு பெண் நின்றிருந்தாள். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. முதுகில் ஒரு வாத்தியப் பெட்டி.

"நால்வர் குழு ஒத்திகை இங்கதானே?"

"இங்கதான். யாரைப் பாக்கணும்?"

"யாரையும் பாக்க வரலைங்க. வாசிக்க வந்திருக்கேன்." அவள் சிரித்தாள். "நான்தான் புது வயோலா."

பாப்பாவுக்கு அது புரியவில்லை. வார்த்தைகள் எல்லாம் தெரிந்தவைதான். ஆனால் அவை தன் காதுக்கும் புத்திக்கும் நடுவில் எங்கோ நின்றுவிட்டது போலிருந்தது. ஐந்து பேருக்குப் பதில் ஆறு பேர் வாசிக்கிற ஏதாவது ஒன்றை அண்ணன் இந்த வருடம் எடுத்திருக்கலாம், சொல்ல மறந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, "உள்ள வாம்மா" என்றாள்.

வந்தவள் பெட்டியை இறக்கினாள். சுற்றிப் பார்த்துவிட்டு, "நீங்க இந்த இடத்தைப் பாத்துக்கிறவங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"அப்படித்தான்னு வச்சுக்கோயேன். டீ குடிப்பியா?"

"குடுங்க. இவங்களோட வாசிக்கணும்னு எத்தனை வருஷ ஆசை தெரியுங்களா? பழைய மேடம் அவங்களாவே விலகிக்கிட்டாங்களாம். வேற யாராவதா இருந்தா நாற்காலியைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. பெரிய மனசு."

பாப்பா கோப்பையில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுக்கொண்டே இருந்தாள்.

"யாரு சொன்னது அப்படி?"

"சார்தான். தலைவர்." அந்தப் பெண் கோப்பையை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். அங்கே நாற்காலியில் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். "இதுவும் வயோலாதானே. யாரோடதுங்க?"

"என்னோடது."

அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போனதைப் பாப்பா பார்த்தாள். தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. கீழே யாரோ ஒரு கட்டிலைத் தரதரவென்று இழுத்தார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா நீங்கன்னு தெரியாது" என்றாள் அந்தப் பெண் கடைசியில். "மேடையில தூரத்திலேருந்துதான் பாத்திருக்கேன். உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க."

"டீ ஆறிடும். குடி."

அண்ணன் வந்தபோது இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தங்கையைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், மறுபடி தங்கையைப் பார்த்தார். அவர் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும்விட மோசம்.

"மாப்பிள்ளை சொல்லலையா?"

பாப்பாவுக்கு முதலில் எந்த மாப்பிள்ளை என்றே ஓடவில்லை. பிறகு ஓடியது. நேற்று இரவு தட்டு கழுவும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்த மனிதர். காலையில் குடை எடுத்துக்கோ, மழை வரும் என்ற மனிதர்.

"என்ன சொல்லணும்?"

"நேத்து சொல்லிடறேன்னாரு. நான் சொன்னா நீ தாங்கமாட்டே, அவரு சொன்னாத்தான் சரின்னு…"

"அண்ணா, என்ன சொல்லணும்?"

அண்ணன் வயலின் பெட்டியைக் கீழே வைக்காமல் மார்போடு பிடித்துக்கொண்டார். "பாப்பா, உன் சுருதி இறங்குது. ஒரு வருஷமா. கொஞ்சம்தான் இறங்கிச்சு முதல்ல. இப்ப வெளியில கேக்கறவங்களுக்கே தெரியுது. ரெண்டு மூணு தடவை வாயெடுத்தேன். நீ என்னமோ சொல்லிச் சிரிப்பே, விட்டுடுவேன்."

"எனக்கா?"

"உனக்குத்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரையாவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கதவு மணி எந்த சுவரத்தில் அடிக்கிறது என்று சொல்லி அண்ணனிடம் மிட்டாய் ஜெயித்தவள் அவள். குழுவில் யார் தந்தி கால் முடி அளவு இறங்கினாலும் அவள் புருவம்தான் முதலில் ஏறும். அவள் எழுந்தாள். வயோலாப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண் அழத் தொடங்கியிருந்தாள். அவள் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பாப்பா படியிறங்கினாள். பாதிப் படியில் நெட்டை எதிரே வந்து ஒதுங்கி நின்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

வீட்டில் கணவர் வாசித்துக்கொண்டிருந்தார். அவளுடைய காலடி கேட்டதும் நடுவில் நிறுத்தினார். அந்த நிறுத்தத்திலேயே, அவருக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நேத்து ராத்திரி பூரா எப்படிச் சொல்றதுன்னுதான்…" என்று ஆரம்பித்தார்.

"நேத்து ராத்திரி நீங்க குறட்டை விட்டீங்க."

அவர் தலை குனிந்துகொண்டார். அவள் வயோலாவை வெளியே எடுத்தாள். கைகள் நிதானமாகத்தான் இருந்தன. "அடிங்க. சுருதி சேக்கற சுவரத்தை அடிங்க. நான் சேத்துக் காட்டறேன். எது சரியில்லைன்னு நீங்களே சொல்லுங்க."

"வேண்டாம்மா."

"அடிங்கன்னு சொல்றேன்."

அவர் அடித்தார். அவள் வில்லை இழுத்து, முளையைத் திருகித் தந்தியைச் சேர்த்தாள். சேர்ந்தது. பாலில் பால் கலந்தது போலச் சேர்ந்தது. "சரியா?" என்று கேட்டாள்.

அவர் பியானோவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கீழ இருக்கு."

"மறுபடி அடிங்க."

அடித்தார். வயோலா இடது காதுக்குக் கீழேயே முழங்கியதால் பியானோ சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, அவள் வாத்தியத்தை முகவாயால் இறுக்கிக்கொண்டு இடது கையை எடுத்து இடது காதைப் பொத்தினாள். வலது கை வில்லை இழுத்துக்கொண்டே இருந்தது.

தந்தியின் சுவரம் விழுந்தது.

அவள் முளையைத் தொடவில்லை. பியானோ இருந்த இடத்திலேயே இருந்தது. அவளுடைய தந்தி மட்டும் தொப்பென்று கீழே இறங்கி, பியானோவோடு உரசி, பல் கூசுகிற மாதிரி அதிர்ந்தது. கையை எடுத்தாள். சேர்ந்தது. பொத்தினாள். விழுந்தது. எடுத்தாள், பொத்தினாள். பல தடவை செய்தாள். கணவர் சுவரத்தை அடித்துக்கொண்டே இருந்தார். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை, நிறுத்தவும் பயமாக இருந்தது.

"ஏங்க" என்றாள். "எனக்கு ரெண்டு காதும் ரெண்டு சுருதி சொல்லுதுங்க."

அவர் எழுந்து வந்து வில்லை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினார். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"சுருதி இறங்கறதுதான் எனக்குத் தெரியும். காதுன்னு தெரியாது" என்றார். "வயசு, களைப்பு, ஏதோ மனசுல கஷ்டம்னு நெனைச்சேன். கேட்டா ஒடைஞ்சு போயிடுவியோன்னு…"

"கேட்டிருந்தா டாக்டர்கிட்ட போயிருப்பேன்."

அவர் வில்லின் முடியைத் தளர்த்திப் பெட்டியில் வைத்தார்.

காது டாக்டர் ஒரு கண்ணாடிக் கூண்டில் அவளை உட்கார வைத்துச் சோதித்தார். உள்காதில் கோளாறு, இடது காது ஒவ்வொரு ஒலியையும் இருப்பதைவிடக் கொஞ்சம் மேலே கேட்கிறது என்றார். பேச்சில், தெருவில், ரேடியோவில் இரண்டு காதும் சமாளித்துக்கொள்ளும், அதனால்தான் தெரியவில்லை. ஆனால் வயோலா இடது காதை ஒட்டியே ஒலிக்கிற வாத்தியம். அவளுக்குத் தன் வாசிப்பு மேலே கேட்டது, அதனால் கீழே இறக்கி இறக்கி வாசித்திருக்கிறாள். சரியாகுமா என்று கேட்டதற்கு, "ஆரம்பத்துலேயே வந்திருந்தா ஏதாவது முயற்சி பண்ணியிருக்கலாம். இப்ப பொறுத்துத்தான் பாக்கணும்" என்றார். கணவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அங்கிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. கணவரை அனுப்பிவிட்டு நெட்டையின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனாள். பகலில் அதுதான் அவருக்குப் பிழைப்பு. ஒரு சட்டத்தின் குட்டித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் எழுந்தார். தலை மேலே தொங்கிய விளக்கில் இடித்தது.

"நீங்களும் சொல்லலை" என்றாள்.

"சொல்லலைதான்." அவர் விளக்கை ஆடாமல் பிடித்து நிறுத்தினார். "நான் வேற ஒண்ணு பண்ணினேன். போன இலையுதிர் காலத்துல நீங்க இறங்கறது கேட்டுச்சு. ஒரு ஆள் இறங்கினா பளிச்சுனு தெரியும், ரெண்டு பேரும் சேந்து இறங்கினா வெளியில அவ்வளவாத் தெரியாதுன்னு நானும் உங்களோட இறங்கி வாசிச்சேன். மூணு மாசம். அப்புறம் உங்க அண்ணன் கண்டுபிடிச்சுட்டாரு. ஒண்ணு போதாதுன்னு ரெண்டாவதும் கீழ போகுதான்னு சத்தம் போட்டாரு. வசந்த காலத்துலேருந்து நான் பழைய இடத்துக்கே வந்துட்டேன்."

பாப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வசந்த காலத்திலிருந்துதான், அவள் இடது காதுப் பக்கம் உட்காரும் நெட்டை சுருதி ஏறி வாசிக்கிறார் என்று அவளுக்குக் கேட்டது. அதற்கு முன்னால் அவ்வளவு இதமாகத் தன்னோடு ஒட்டி வந்த மனிதர் திடீரென்று மேலே போகிறாரே என்று எரிச்சல் வந்தது. அண்ணனிடம் போய், நெட்டைக்குக் காது போய்விட்டது, அடுத்த வருடத்துக்குள் வேறு ஆளைப் பார் என்று ஒரு தடவைக்கு மேலேயே சொன்னாள். அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் இப்போதுதான் தெரிந்தது.

"நான் உங்களை மாத்தச் சொன்னேன்" என்றாள்.

"தெரியும்."

"அண்ணன் சொன்னாரா?"

"நீங்கதான் சொன்னீங்க. மாடிப்படியில நின்னுக்கிட்டு. நான் கீழ சைக்கிளைப் பூட்டிக்கிட்டிருந்தேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபத்தைத் தேடினாள். இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் வாடிக்கையாளருக்குப் போடுகிற ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க முதல்ல" என்றார்.

முதல் கச்சேரிக்கு அவள் வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தாள். இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பக்கவாட்டு வரிசையில் உட்கார்ந்தாள். கணவர் மேடைக்கு வந்து வணங்கும்போது கண்களால் அவளைத் தேடினார், காணவில்லை. ஐவரும் தொடங்கினார்கள். ஒரு காதால் கேட்டதால் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து, சுவருக்கு அப்பாலிருந்து வருவது போலிருந்தது. ஆனால் சுருதி சுத்தமாக இருந்தது. அந்தப் பெண் நன்றாகவே வாசித்தாள். மெதுவான பகுதியில் வயோலா தனியாக ஏறி வரும் இடத்தில் பாப்பாவின் இடது கை விரல்கள் மடியில் தாமாக அசைந்தன. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் கையை இறுக மூடிக்கொண்டாள். தான் ஒரு வருடம் இந்த மேடையில் எப்படி ஒலித்திருப்போம் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து நின்று கை தட்டியவர்கள் எல்லோரும் என்னத்தைக் கேட்டார்கள்?

முடிந்ததும் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார். வயலின் இன்னும் கையில் இருந்தது.

"வந்தியே, அதுவே போதும் பாப்பா."

"எனக்குப் போதாது" என்றாள். "காது போனது யாரோட குத்தமும் இல்லை. ஆனா ஒரு வருஷமா எங்கிட்ட நீங்க எல்லாரும் பேசின ஒவ்வொண்ணையும் திரும்ப எடுத்துப் பாத்துக்கிட்டிருக்கேன். நல்லா வாசிச்சேன்னு சொன்னது, இன்னிக்கு போதும் வீட்டுக்குப் போன்னு சொன்னது. எது நிஜம், எது பாவம் பாத்து சொன்னதுன்னு பிரிக்க முடியலை. முடியறப்ப உன் வீட்டுக்கு வரேன்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரோ வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அந்த இலையுதிர் காலம் முடியும்வரை அவள் அண்ணன் வீட்டுப் பக்கம் போகவில்லை. கணவரோடு பேசினாள், ஆனால் அவர் எதைப் பாராட்டினாலும், நிஜமாவா என்று கேட்டாள். அவர் ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கடை மூடும் நாட்களில் நெட்டை வயலினோடு அவள் வீட்டுக்கு வந்தார். அவள் இடது காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வாசித்தாள். சொந்த வாத்தியமே அடுத்த அறையில் யாரோ வாசிப்பது போலக் கேட்டது. பழக நாளாகும் என்று தெரிந்தது. பழகாமலே போகலாம் என்பதும் தெரிந்தது.

முதல் நாள் அரைப் பக்கம் தாண்டியதும் நெட்டை வில்லைத் தூக்கினார்.

"கீழ" என்றார்.

அவள் விரலைத் துளி மேலே நகர்த்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.