மூன்று வித்தியாசங்கள்

கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கம் தலைவர் ஓஸ்வால்ட். அவருக்கு வலப்புறம் ஜெயராஜ். அவர் மகள் தர்ஷினி இந்த வருடம் பிளஸ் டூவுக்குச் சமமான இரண்டாம் பி.யு.சி. பரீட்சை எழுதுகிறாள். இடப்புறம் கணக்கு டீச்சர் பெட்டி. கதவோரம், செருப்புகளுக்குப் பக்கத்து ஸ்டூலில், போர்டு எழுதும் அய்யாவு. உள்ளே நாற்காலி காலியாக இருந்தும் அவர் அங்கேதான் உட்கார்ந்தார். செயலாளரான நான் மேசையின் கடைசியில், சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு நேர் எதிரே. இடம்: விவேக் நகர், எங்கள் தெரு வாசகசாலையின் மாடி. நாள்: 1997 பிப்ரவரி, இரண்டாம் ஞாயிறு, காலைப் பூசை முடிந்த பிறகு.

படம் புனித தாமஸ் அக்வினாஸுடையது. பெரிய சிந்தனையாளர், மாணவர்களின் பாதுகாவலர் என்பதால் வாசகசாலைக்கு அவர் பொருத்தம் என்று போன வருடம் முடிவு செய்தோம். இத்தாலியில் ஐந்நூறு வருடத்துக்கு முன் வரைந்த படம் ஒன்று பழைய காலண்டரில் இருந்தது. அந்தத் தாளைக் கிழித்து அய்யாவுவிடம் கொடுத்தவன் நான். ஒரு கையில் சின்னதாக ஒரு கோவில், மறு கையில் புத்தகம், கறுப்பு மேலங்கி, பின்னால் முழுக்கத் தங்க நிறம். சிவாஜிநகரில் கறிக்கடைக்கும் துணிக்கடைக்கும் போர்டு எழுதுகிற கை அது. ஆனாலும் அங்கியின் மடிப்பு ஒவ்வொன்றும் அப்படியே வந்திருந்தது. ஆகஸ்டில் மாட்டினோம். அதிலிருந்து பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் சட்டத்தின் கீழ்விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

போன வாரம் தர்ஷினிதான் அப்பாவிடம் சொன்னாளாம், இது சீனு இல்லையா என்று.

நான் காலண்டர் தாளைக் கொண்டுவந்து படத்தின் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டேன். எதையும் எண் போட்டு எழுது என்று எங்கள் வாணியம்பாடிப் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். எழுதினேன். ஒன்று, தாடை: அசலில் சதை போட்டு இரண்டாக மடிந்திருக்கிறது, இதில் ஒடுங்கியிருக்கிறது. இரண்டு, மேலுதட்டில் அரும்பு மீசையின் நிழல், அசலில் இல்லை. மூன்று, கண்: அசலில் இமை தாழ்ந்து புத்தகத்தைப் பார்க்கிறது. இதில் நிமிர்ந்து, எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கிறது.

சீனு அய்யாவுவின் ஒரே மகன். இரண்டு வருடம் சாயங்காலம் தவறாமல் இங்கே ஜன்னலோரம் மூன்றாவது நாற்காலியில் படித்தான். இரண்டு தடவை தேறவில்லை. போன ஜூனில் ரிசல்ட் வந்த மறுநாள், வியாழக்கிழமை, என்னிடம் வந்தான். திரும்பப் பரீட்சை எழுதக் காலேஜுக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றான். புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். கடிதம் எழுதுகிற நாள் சனிக்கிழமை, அன்றைக்கு வா என்றேன். சரி சார் என்று போனான். வெள்ளிக்கிழமை இறந்துபோனான். எப்படி என்று அய்யாவு யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

"ஏம்பா அய்யாவு, சாமியாருக்கு மீசை வச்ச மொத ஆளு நீதான்" என்றார் ஓஸ்வால்ட். இறுக்கத்தைக் குறைக்கத்தான் சொன்னார்.

ஜெயராஜ் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நேராவே சொல்லிடறேன். ரெண்டு வாட்டி ஃபெயிலானவன். அப்புறம் செஞ்சிக்கினது வேற. எக்ஸாமுக்குப் போற புள்ளைங்க அந்த மூஞ்சில முழிச்சிட்டா போவணும்?"

"அவன் என் க்ளாஸ்ல உக்காந்த புள்ள, ஜெயராஜ். கணக்கு வராது, அவ்ளோதான்" என்றார் பெட்டி டீச்சர். "இந்தச் சாமியாரையே கூடப் படிச்சவங்க ஊமை மாடுன்னு கேலி பண்ணாங்க, தெரியுமா? படிப்பு வராத புள்ளைங்களுக்குத்தான் இவரு வேணும். வர்றவங்களுக்கு எதுக்கு?"

"உங்க வீட்ல ஒண்ணு எக்ஸாம் எழுதினா தெரியும் டீச்சர்."

டீச்சருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்; வெகுநேரம் துடைத்தார்.

ஓஸ்வால்ட் கதவுப் பக்கம் திரும்பினார். "வீட்ல தனியா ஒண்ணு வரைஞ்சி மாட்டிக்கயேம்பா. யார் வேணாங்கறா?"

அய்யாவு எழுந்து நின்றார். விரல் நகங்களில் பச்சைப் பெயின்ட் இருந்தது. "போட்டோ இல்ல சார். மூணு வயசுல மொட்டை அடிச்சது ஒண்ணு கீது. அப்புறம் ஆல் டிக்கெட்டுல ஒட்னது. அதுல காலேஜ் சீலு கரெக்டா கண்ணு மேல வுழுந்துகீது. மூணு வாட்டி உக்காந்து பாத்தேன் சார். அவன வரையணும்னு உக்காந்தா வர மாட்டேன்றான். இந்தச் சாமியார வரையறேன்னு உக்காந்தப்ப வந்துட்டான். வேணும்னு செய்யல. வந்த பிறகு அழிக்கக் கை வரல."

"இப்ப அழிச்சித்தான் ஆவணும்" என்றார் ஜெயராஜ், சத்தமில்லாமல்.

"சரளா வெள்ளிக்கெழமையானா வந்து பாக்குது சார்" என்றார் அய்யாவு.

அது எனக்குத் தெரியும். அவர் மனைவி மாடிப்படியின் கடைசிப் படியிலேயே நிற்பாள். உள்ளே கூப்பிட்டால் வர மாட்டாள். தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விடுவாள்.

ஓட்டுக்கு விட்டார்கள். ஜெயராஜ் கை தூக்கினார், ஓஸ்வால்ட் தூக்கினார். டீச்சர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். நான் தலை நிமிர்ந்தேன். ஆகஸ்டிலிருந்து அந்தக் கண்களுக்கு எதிரே இருப்பது என் நாற்காலிதான். தினமும் சாயங்காலம் நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்தால் அவை அங்கே இருக்கும். சனிக்கிழமை எப்போது சார் என்று கேட்பதுபோல இருக்கும். நான் கையைத் தூக்கினேன்.

"எழுத்துல போவட்டும், செக்ரெட்டரி" என்றார் ஓஸ்வால்ட். "ஒரு காப்பி ஃபைல்ல இருக்கட்டும்." அய்யாவு அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். இடது செருப்பை வலது காலில் போட்டு, பிறகு மாற்றிப் போட்டார்.

எல்லோரும் போன பிறகு அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். சனிக்கிழமை வரை வைக்கவில்லை. 'அன்புள்ள அய்யாவு அவர்களுக்கு, வாசகசாலையில் உள்ள படத்தின் முகத்தைப் பரீட்சைக்கு முன் அசலின்படி திருத்தித் தர வேண்டும் என்று இன்றைய கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்டது. திருத்த வேண்டியவை பின்வருமாறு.' ஒன்று என்று போட்டுத் தாடை என்று எழுதினேன். இரண்டு, மீசையின் நிழல். மூன்று என்று எண்ணைப் போட்டேன்.

பேனாவை மூடி வைத்தேன். கீழே பஸ் ஒன்று திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. படத்தில் இருந்தவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் எடுத்து முதல் வரியிலிருந்து எழுதினேன். ஒன்று, தாடை. இரண்டு, மீசை. 'மற்றவை உள்ளபடியே இருக்கலாம். இப்படிக்கு, செயலாளர்' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். நகல் ஒன்று எடுத்து, அதையும் இரண்டோடு நிறுத்தி ஃபைலில் வைத்தேன். ஓஸ்வால்ட் ஒருநாள் பார்ப்பார். பார்க்கட்டும்.

அய்யாவுவின் வீடு பத்து நிமிட நடைதான். நேரில் கொடுத்திருக்கலாம்; கதவைத் திறப்பது சரளாவாக இருக்கும். உறையில் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி, வாயைப் பசை தடவி மடித்தேன். பிடிக்கிற வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தேன். பிறகு முனைக்கடையை ஒட்டியிருக்கும் தபால்பெட்டியில் போட்டேன். உறை அடியில் விழும் சத்தத்துக்காக நின்றேன். கேட்கவில்லை. உள்ளே ஏற்கெனவே நிறையக் கடிதங்கள் இருந்திருக்க வேண்டும்.